நிலப்படமும் பாடபேதமும்

ஈப்போ நகரையும் அதனைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கையும் வானிலிருந்து நோக்கும் காட்சியை, இணையத் தொடர்புள்ள எந்தத் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலும் இன்று நொடிப்பொழுதில் திரையில் விரித்துவிடலாம். 2005-ஆம் ஆண்டில் கூகுள் எர்த் வெளிவந்த பின்னர் இவ்வசதி ஆசிரியர் கைக்குச் செலவின்றி வந்து சேர்ந்தது. உருண்டை சுழலும், தீபகற்பம் நெருங்கி வரும், சுண்ணாம்புக் குன்றுகள் வெள்ளை வெட்டுக்களோடு தோன்றும், இறுதியில் பள்ளிக் கூரையே தெரியும். மாணவர் ஆரவாரம் செய்வர். மணியும் அடித்துவிடும்.

இத்தகைய பாடத்தைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் அதனைப் புவியியற் பாடம் என்று ஒப்புக்கொள்வதற்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தல் தகும். அதே திரையில் பள்ளத்தாக்கெங்கும் கண்ணாடிச் சில்லுகள் இறைந்தாற்போல் மின்னும் நீர்நிலைகளைக் காட்டி, 'இவை யாவை?' என்று வினவுக. 'ஏரிகள்' என்ற விடையே பெரும்பாலும் வரும். படத்திலும் அவற்றுட் சில ஏரி என்றே பெயர் பெற்றுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஈயம் தோண்டிய குழிகள். பேராக்குத் தமிழர் நாவில் அவை ஈயக்குட்டைகள். தோண்டிய இடம் ஈயலம்பம். தைப்பிங்கின் புகழ்பெற்ற ஏரிப் பூங்காவே கைவிட்ட ஈயக்குழிகளைத் திருத்தி 1880-இல் அமைத்ததுதான். 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தாவில் எந்திரம் நின்றுபோன லம்பங்கள் பல. ஏரி என்ற ஒரு சொல் இவ்வரலாறு முழுவதையும் நீருக்கடியில் அமிழ்த்திவிடுகிறது. படம் பொய் சொல்லவில்லை. நீர் நிற்பது மெய்யே. ஆனால் அது ஒரு பாடத்தை மட்டும் தந்து மற்றொன்றை மறைத்துவிட்டது.

பாடம் என்ற சொல்லைத் தமிழாசிரியர் இருபொருளில் வழங்குவர். வகுப்பில் நடத்துவதும் பாடம். ஏட்டில் கண்ட சொல்வடிவமும் பாடம். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்துவைத்தார். ஒரே ஏட்டை வைத்துக்கொண்டு அச்சேற்றியிருந்தால் வேலை விரைவில் முடிந்திருக்கும். நூல் மட்டும் குறைபட்டிருக்கும். இவ்வருமையை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர்களே, திரையில் தோன்றும் நிலப்படத்தை ஒற்றை ஏடாகக் கொண்டு, அதில் உள்ளதே உள்ளது, இல்லாதது இல்லை என்று அமைந்துவிடுதல் வியப்புக்குரியது. நிலப்படமும் ஒரு நூலே. அதற்கு ஆசிரியர் உண்டு. அவர் கொண்டதும் விட்டதும் உண்டு. பெயரைப் படியெடுத்தோர் செய்த பிழையும் உண்டு.

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களைப் பொறுத்தவரை இக்குறை சிறிதன்று. அங்கே ஓரிடத்துக்கு ஒரு பெயர் மட்டும் வழங்கியதில்லை. கம்பெனியின் கணக்கேட்டில் ஒரு பெயர். அருகிலிருந்த மலாய்க் கிராமத்தார் வாயில் ஒரு பெயர். லயத்தில் குடியிருந்தோர் வாயில் வேறொரு பெயர். கம்பெனிப் பெயர் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. பத்து காஜாவை அடுத்த கிந்தா கெல்லாஸ் தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கெல்லாஸ் என்பது அதனை உருவாக்கிய வில்லியம் கெல்லி ஸ்மித் பிறந்த ஸ்காத்லாந்து வட்டாரத்தைச் சார்ந்த சிற்றூரின் பெயர். அப்பெயர் தோட்டத்துக்கு ஏறி, தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு ஏறியது. ஸ்காத்லாந்துக் குக்கிராமம் ஒன்று தமிழ்க் குழந்தைகளின் சட்டைப்பையில் பொறிக்கப்பட்டு நூறாண்டுக்குப் பின்னும் உலவுவது எவ்வளவு வேடிக்கை!

லயத்தார் வைத்த பெயர்களோ இவ்வாறு இறக்குமதியானவை அல்ல. பெரிய தோட்டம், மேட்டுத் தோட்டம், பழைய லயம், ஆற்றோர லயம் என்று கண்ணாற் கண்டதைக் கொண்டு இட்டவை சில. கங்காணி, கிராணி ஆகியோர் பெயரால் வழங்கியவை சில. எல்லாவற்றினும் கருதத்தக்கது 'கட்டை' என்னும் வழக்கு. சாலையோர மைல் கல்லை மலாயில் பத்து என்பர். தமிழர் அதனைக் கட்டை என்றனர். மூணாங்கட்டை, ஆறாங்கட்டை என்றால் ஊர்ப்பெயரும் ஆயிற்று, தொலைவும் ஆயிற்று. நாடு கிலோமீட்டருக்கு மாறிய பின்னர்க் கல் போயிற்று, பெயர் போகவில்லை. ஆறாங்கட்டை என்று தமிழில் தட்டித் தேடும் மாணவனுக்குத் திரை கைவிரிக்குமாயின், அங்கேதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. ஆறு மைல் என்பது ஏறத்தாழ 9.66 கிலோமீட்டர். படத்திலுள்ள அளவுகோலைக் கொண்டு நகரிலிருந்து பழைய சாலை வழியே அத்தொலைவை அளக்கச் செய்தால் இரண்டு கேள்விகள் தாமே எழும். நகரில் எந்த இடத்திலிருந்து மைல் எண்ணினர்? அளந்து சென்ற புள்ளி, பாட்டி காட்டும் இடத்தோடு பொருந்தவில்லையெனில் சாலை எங்கே நிமிர்த்தப்பட்டது? இவ்விரண்டு கேள்விகளில் அடங்கியுள்ள அளவியலும் வரலாறும், உருண்டையைச் சுழற்றிக் காட்டும் முப்பது நிமிடத்தில் அடங்கியதில்லை.

ஈப்போவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நகரின் விளிம்பில் எழும் சுண்ணாம்புக் குன்றுகளுள் ஒன்று மலாயில் குனோங் செரோ. தைப்பூசத்துக்குத் திரளும் தமிழர்க்கு அது கல்லுமலை. முருகன் கோயில் அங்கே நிற்பதால் கல்லுமலை என்ற பெயரும் கோயிற் பெயரோடு ஒட்டிக்கொண்டு படத்தில் இடம்பிடித்துவிட்டது. கோயில் இல்லாத குன்றுக்கு அந்தப் பேறு வாய்ப்பதில்லை. 1973-இல் அக்குன்றின் பாறை சரிந்து அடிவாரத்து வீடுகளில் இருந்தோர் பலர் மாண்டனர். அச்செய்தியைப் படத்தில் தேடினால் கிடைக்காது.

எழுத்துப்பெயர்ப்பு வேறொரு தொல்லை. படத்தின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால், இயந்திரம் உரோமன் எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகிக்கும் இடங்கள் உண்டு. ஆங்கில வாய்பாட்டில் ஊகித்தால் ஈப்போ 'ஐபோ' ஆகலாம். சுங்கை 'சுங்காய்' ஆகலாம். நூறாண்டுகளுக்கு மேலாக மலாயத் தமிழர் எழுதிப் பழகிய வடிவங்கள் இருக்கின்றன என்பதை இயந்திரத்துக்குச் சொல்வார் இல்லையேல் அது அறிய வழியில்லை.

பெயரைக் காட்டிலும் பெரிய குறை ஒன்றுண்டு. அகப்பொருள் இலக்கணம் கற்றவர் அதனை எளிதில் உணர்வர். தொல்காப்பியர் முதற்பொருள் என்று வகுத்தது நிலம் மட்டும் அன்று. பொழுதையும் அதனோடு சேர்த்தே வகுத்தார். திரையிலுள்ள நிலப்படத்தில் நிலம் நுணுக்கமாக உள்ளது, பொழுது இல்லை. என்றும் நண்பகல், என்றும் முகில் விலகிய வானம். ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையோ முற்றிலும் பொழுதால் ஆனது. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஒழுகும். ஆதலால் விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்குடன் நிரைக்குப் போயாக வேண்டும். வெயில் ஏறுமுன் மரங்களை வெட்டி முடித்து, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் சுமந்து பால் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லாத நாளில் வயிற்றுக்குக் கவலை. ஆண்டின் தொடக்கத்தில், பிப்ரவரி மார்ச்சுத் திங்களில், கித்தா மரம் இலையுதிர்க்கும், பால் குறையும், கையிற் கிடைப்பதும் குறையும். இஃது ஒரு பெரும்பொழுது; விடியற்கருக்கல் ஒரு சிறுபொழுது. இவ்விரண்டையும் விட்டுத் தோட்டத்தின் எல்லையை மட்டும் வரைந்து காட்டுதல், பொழுதை நீக்கிக் குறிஞ்சியைக் கற்பிப்பதற்கு ஒப்பாகும்.

இக்குறையை ஓரளவு போக்கும் வழி அக்கருவியிடமே உள்ளது. பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வரிசையில் புரட்டிப் பார்க்கும் வசதி கூகுள் எர்த்தில் 2009-இல் சேர்ந்தது. 1984 முதல் நிலம் மாறிவந்த விதத்தை ஓடும் படமாகக் காட்டும் தொகுப்பும் உண்டு. லாண்ட்சாட் என்னும் செயற்கைக்கோள் வரிசை எடுத்த படங்களே அதன் தொடக்க ஆண்டுகளுக்கு அடிப்படை. கிந்தாவை இவ்வாறு புரட்டினால் ரப்பர் நிரைகள் மறைந்து செம்பனை பரவுவதும், செம்பனையும் மறைந்து கூரைகள் வரிசையாக எழுவதும் தெரியும். அண்மைக்காலத்துத் தெளிவான படங்களில் செம்பனையை அடையாளம் காணுதல் கடினமன்று. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மரமும் ஒரு நட்சத்திரம் போல் மட்டைகளை விரித்து, முக்கோண ஒழுங்கில் நிற்கும். ரப்பர் அவ்வாறு தனித்து நில்லாமல் தலைகள் கலந்து பச்சைப் போர்வையாகும். இலையுதிர் காலத்தில் எடுத்த படமாயின் பழுப்பேறியிருக்கும். எந்தத் திங்களில் எடுத்த படம் என்று மாணவனே ஊகித்துச் சொல்லும் அளவுக்கு இது நல்ல பயிற்சி.

ஆயினும் லாண்ட்சாட்டின் முதற்கோள் 1972-இல்தான் ஏவப்பட்டது. அதற்கு முற்பட்ட பேராக்கு, லாண்ட்சாட்டின் கண்ணுக்குப் புலப்படாத பேராக்கு. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்திலும் அதனை அடுத்த மற்றொரு தோட்டத்திலும் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளில் சிதறிக் கிடந்த குடியிருப்புகள் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைபட்டன. தோட்ட லயங்களும் அதற்குத் தப்பவில்லை. 1950-களில் வெள்ளையர் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பேராக்கின் நிலம் மிகவும் கலங்கி மாறிய அப்பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் செயற்கைக்கோள் படம் கிடையாது. நில அளவைத் துறையின் பழைய படத்தாள்கள், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், அக்காலத்துக்குச் சான்றாகும். அவை ஆசிரியர்க்குக் கடையில் வாங்கும் பொருள்போல் கிடைப்பன அல்ல. கிடைக்குமிடத்து அவற்றையும், கிடைக்காவிடத்து முதியோர் நினைவையும் ஏடாகக் கொள்ளுவதன்றி வேறு வழியில்லை. முதியோரின் ஏடு நாளுக்கு நாள் செல்லரித்து வருவது என்பதையும் கருத வேண்டும்.

இத்தகைய படங்களை அடுக்கு அடுக்காக வைத்து நோக்குவதே புவித்தகவல் முறைமையின் இயல்பு. கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் ஆறு ஓர் அடுக்கு, சாலை ஓர் அடுக்கு, பயிர் ஓர் அடுக்கு என்று தனித்தனியே வரைந்து, வேண்டியதை எடுத்தும் வேண்டாததை மூடியும் பார்க்கலாம். தமிழ் கற்ற மாணவனுக்குக் கருப்பொருளை நினைவூட்டினால் இது சட்டென விளங்கும். தெய்வம், மரம், விலங்கு, உணவு, தொழில், பறை என்று நிலத்தின்மேல் அமைந்தவற்றை வகைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் அவனுக்குப் புதிதன்று. மாரியம்மனும் முனியாண்டியும் ஓர் அடுக்கு. கித்தாவும் செம்பனையும் ஓர் அடுக்கு. பால் கொட்டகை, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை ஓர் அடுக்கு. இவ்வொப்புமையைக் கண்டவுடன் புவித்தகவல் முறைமையைக் கண்டறிந்தவர் தொல்காப்பியரே என்று மேடையேறும் ஆர்வலர் சிலர் உண்டு. அது வீண்பெருமை. பாட்டுக்கு வகுத்த இலக்கணம் வேறு. நிலத்தை அளக்கும் கணக்கு வேறு. வகுப்பில் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை விளக்கலாம், அவ்வளவே.

மாணவர் கையால் நாட்டுப்படம் வரைவிப்பதும் இன்று நேற்றுத் தோன்றிய புதுமை அன்று. 1930-களில் லண்டன் புவியியலாளர் டட்லி ஸ்டாம்ப், பிரிட்டன் முழுதும் எந்த வயலில் என்ன விளைகிறது என்று குறிக்கும் பெருவேலையை மேற்கொண்டபோது, அதன் பெரும்பகுதியைச் செய்தவர்கள் ஊர்ப்பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களுமே. ஆளுக்கொரு படத்தாளோடு வரப்பு வரப்பாக நடந்து குறித்தனர். அக்குழந்தைகள் கையில் அன்று பென்சில் இருந்தது. இன்று பேராக்குக் குழந்தையின் வீட்டில் இருக்கும் கைப்பேசியோ இருக்குமிடத்தை மீட்டர்க் கணக்கில் சொல்லவல்லது. கருவி வளர்ந்த அளவுக்கு நடை வளரவில்லை என்பதே குறை.

அவ்வாறு குறித்ததை எங்கே எழுதுவது? 2004-இல் தொடங்கிய ஓப்பன் ஸ்திரீட் மேப் என்னும் பொதுப்படம் இதற்கு இடந்தருகிறது. உலகத்தார் எவரும் திருத்தி எழுதலாம். ஓர் இடத்துக்கு ஒரு பெயரோடு அது நிற்பதில்லை. தமிழ்ப் பெயருக்கு ஒரு கட்டம், பழைய பெயருக்கு ஒரு கட்டம், அவ்வூரார் வழங்கும் பெயருக்கு ஒரு கட்டம் எனத் தனித்தனியே அமைந்திருக்கிறது. பாடபேதத்துக்கு இதனினும் பொருத்தமான அடிக்குறிப்பு வேண்டுமோ! ஆனால் இரண்டு வரையறைகளை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். உரிமைப் பாதுகாப்புள்ள வேறு படங்களிலிருந்து பெயரைப் பெயர்த்து இதில் இடலாகாது. ஊரில் கேட்டு அறிந்ததையே இடவேண்டும். மற்றொன்று, இன்று நிலத்தில் இல்லாத பொருளை அதில் வரைதல் முறையன்று. இடிந்து சுவடற்றுப்போன லயத்துக்கு அங்கே இடமில்லை. அதற்கு வகுப்பே தனியாக ஓர் அடுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

படத்தின் கவனம் எங்கே செல்கிறது என்பதற்கு மீண்டும் கெல்லாஸையே காட்டலாம். ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்ததால் முற்றுப்பெறாது நின்ற மாளிகை, படத்தில் பெரிய எழுத்தில் சுற்றுலாக் குறியோடு விளங்குகிறது. வந்து பார்த்தோர் எழுதிய மதிப்புரைகளும் ஏராளம். சற்றுத் தொலைவில் மாரியம்மன் கோயில். கொள்ளைக் காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டபோது அவர்கள் வேண்டுகோளுக்கிணங்கி ஸ்மித் அதனைக் கட்டித் தந்தார் என்று வழங்கிவருகிறது. கோயிற் கூரையின் சுதை உருவங்களிடையே ஐரோப்பிய உடையணிந்த உருவமொன்றும் நிற்கிறது. மாளிகையைக் கட்டத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் எங்கே குடியிருந்தனர், மாண்டோர் எங்கே புதைக்கப்பட்டனர் என்பவற்றைப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் காண முடியாது.

இவற்றைக் கேட்டுக் குறிக்கப் புகும் வகுப்பு சில இடர்ப்பாடுகளைச் சந்திக்கும். பெரட்டுக் களம் ஆற்றுக்கு இப்பால் இருந்தது என்பார் ஒரு முதியவர். அப்பால் என்பார் மற்றொருவர். ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல விரைதல் கூடாது. லயங்கள் இடம்மாறிய காலமும் உண்டு. ஆகவே இருவரும் மெய்யே சொல்லியிருக்கலாம். இரண்டு புள்ளியும் இட்டு, யார் எந்த ஆண்டைப் பற்றிச் சொன்னார் என்பதைப் பக்கத்தில் எழுதுவதே பதிப்பு முறை. கசப்பான இடர்ப்பாடு வேறொன்று. சாதி பார்த்து லயம் பிரித்துக் குடிவைத்த தோட்டங்கள் இருந்தன. சாதியின் பெயரால் வழங்கிய லயங்களும் கிணறுகளும் முதியோர் பேச்சில் வரும். அவற்றை அழித்துவிட்டுப் 'பழைய லயம்' என்று எழுதுவது சுவடியில் கைவைப்பதாகும். உலகம் பார்க்கும் பொதுப்படத்தில் அப்படியே ஏற்றுவதோ இன்று அங்கே வாழ்வோரைப் புண்படுத்தும். வகுப்புக் குறிப்பேட்டில் எழுதி, பொதுப்படத்தில் இடாது நிறுத்துவதே தக்கது.

பாடத்திட்டத்தில் இதற்கு இடமேது என்று கேட்பர். கேள்வி நியாயமானது. தமிழ்ப்பள்ளியில் புவியியல் தனிப்பாடமாக இல்லை. இடைநிலைப் பள்ளியில் அது தனிப்பாடமாகும்போது பயிற்றுமொழி மலாயாகிவிடுகிறது. அதன் விளைவு யாது? பேராக்கு மாணவன் நிலப்படத்தைக் கற்கும் நாளில் தமிழ் அவனோடு இல்லை. தமிழ் கற்கும் நாளில் நிலப்படம் அவனோடு இல்லை. ஓடை, கரடு, பள்ளம், மேடு, கட்டை, லயம், நிரை என்ற சொற்கள் ஒருநாளும் ஒரு புள்ளியோடோ கோட்டோடோ சேர்ந்து அவன் கண்ணிற் படுவதில்லை. ஆதலின் இது புவியியலாசிரியர் செய்ய வேண்டிய வேலை என்று தள்ளிவிட வழியில்லை. ஆறாம் ஆண்டுக்குள், தமிழாசிரியரின் கட்டுரை வகுப்பிலேயே நடந்தாக வேண்டும். 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் எழுதப்படும் கட்டுரைகளில் பாதி, எந்த ஊருக்கும் பொருந்தும் வண்ணம் இயற்கை எழில் கொஞ்சுவதைத் திருத்திய ஆசிரியர் அறிவர். ஒரு படத்தாளையும் நான்கு முதியோரையும் முன்வைத்து எழுதச் சொன்னால் எழில் சற்றுக் குறையும், ஊர் வந்துவிடும்.

தொடங்குவதற்குத் தொலைதூரம் செல்லவும் வேண்டியதில்லை. பேராக்கின் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேருக்குக் குறையாதிருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்த காலத்தின் எச்சம் அவை. தோட்டம் விற்கப்பட்டிருக்கலாம்; லயம் இடிந்திருக்கலாம்; பள்ளியே வீடமைப்புப் பகுதிக்குப் பெயர்ந்திருக்கலாம். பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டம் இருக்கும். அப்பெயரைத் திரையில் தட்டினால் குறிமுள் பள்ளியின் புதுக்கட்டடத்தின்மேல் வந்து நிற்கும். பெயருக்கு உரிய நிலத்தின்மேல் நிற்காது. அந்நிலம் எங்கே இருந்தது, பள்ளியிலிருந்து எத்தனை கட்டை என்று கேட்டு வருமாறு ஆறாம் ஆண்டு மாணவரை வீட்டுக்கு அனுப்பினால், மறுநாட் காலையில் வகுப்புக்கு நான்கைந்து விடைகளாவது வந்து சேரும். ஒன்றோடொன்று பொருந்தாத அவ்விடைகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்ட பின்னரே கணினியைத் திறத்தல் நன்று.